பின்லாந்தின் வடகாட்டுக் கதைகள்: பாட்டு எது, புத்தகம் எது?

பின்லாந்தின் பழங்கதைகளைப் பற்றிய பேச்சில் இரண்டு கருத்துகள் மாறி மாறித் தலைகாட்டுகின்றன. கலேவலா என்பது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இயற்றப்பட்டு, பனிக்காடுகளுக்குள் ஓரெழுத்தும் மாறாமல் காக்கப்பட்ட தொல்காவியம் என்பது ஒன்று. அது 19ஆம் நூற்றாண்டில் ஒரு மருத்துவர் தம் மேசையில் அமர்ந்து புனைந்த நூல், அதற்கும் மக்கள் மரபுக்கும் தொடர்பில்லை என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. இவற்றோடு மூன்றாவதாக, அக்கதைகளில் வரும் வடபுலக் காட்டை ஆளில்லாத மாயவெளியாகக் கற்பனை செய்துகொள்ளும் பழக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காடு மனிதர் உழைத்த இடம். வேட்டையாடினார்கள், வரி கட்டினார்கள், வழி தவறினார்கள், அஞ்சினார்கள். இதைத் தெரிந்துகொண்டால்தான் பாடல்களில் வரும் சாகசங்கள் எங்கிருந்து முளைத்தன என்பது விளங்கும்.

ஒரு குடும்பக் கதையை எழுதிவைப்பது

ஒரு பெரிய குடும்பத்தில், மூன்று தலைமுறைக்கு முன் வாழ்ந்த ஒரு தாத்தாவைப் பற்றிப் பத்துப் பேர் பத்து விதமாகக் கதை சொல்வதுண்டு. அவர் புலியை விரட்டினார் என்று பெரியப்பா சொல்வார். விரட்டியது அவர் தம்பி என்று அத்தை சொல்வார். இன்னொரு கிளையில் அதே நிகழ்ச்சி வேறு ஊரில் நடந்ததாக இருக்கும். ஒரு பேரன் எல்லாரிடமும் போய்க் கேட்டு, ஒரே குறிப்பேட்டில், ஒரே வரலாறாக, பிறப்பில் தொடங்கி இறப்பில் முடியுமாறு எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குறிப்பேட்டின் பெரும்பாலான வாக்கியங்கள் யாரோ ஒருவர் உண்மையில் சொன்னவை. ஆனால் அந்த முழுக் கதையை, அந்த வரிசையில், அக்குடும்பத்தில் எவரும் ஒருபோதும் சொன்னதில்லை.

கலேவலா அத்தகைய குறிப்பேடு. எழுதியவர் எலியாஸ் லொண்ரொத் என்னும் மருத்துவர். அதிலுள்ள அடிகள் பழையவை. கதையின் ஒழுங்கு அவருடையது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே சொன்ன குழப்பத்தில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

பாடியவர்கள் யார், எங்கே?

லொண்ரொத் 1802இல் தெற்குப் பின்லாந்தின் சம்மாத்தி என்னும் ஊரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். அவர் வளர்ந்த காலத்தில் பின்லாந்து அரசியல் மாற்றத்தின் நடுவில் இருந்தது. பல நூற்றாண்டுகள் சுவீடனின் பகுதியாக இருந்த நாடு 1809இல் ரஷ்யப் பேரரசின்கீழ் வந்தது. படித்தவர்கள் சுவீடிய மொழியில் எழுதினர். பின்னிய மொழி உழவர்களின் பேச்சுமொழியாகவே கருதப்பட்டது. அந்த மொழியிலும் பெருமைக்குரிய இலக்கியம் உண்டு என்று காட்டும் வேட்கை படித்த இளைஞர் சிலரிடம் இருந்தது. 1831இல் பின்னிய இலக்கியக் கழகம் தொடங்கப்பட்டதற்கும் லொண்ரொத்தின் பயணங்களுக்கு அது உதவியதற்கும் இந்த வேட்கையே அடிப்படை.

அவர் முதற்பயணத்தை 1828இல் மேற்கொண்டார். 1833இல் வடகிழக்கில் உள்ள கயானி என்னும் சிற்றூரில் மாவட்ட மருத்துவராகப் பணியேற்ற பிறகு, எல்லைக்கு அப்பால் ரஷ்யப் பகுதியில் இருந்த வியெனா கரேலியா அவருக்கு அருகிலாயிற்று. சிறந்த பாடகர்கள் அங்கேதான் இருந்தார்கள். மேற்குப் பின்லாந்தில் லுத்தரன் திருச்சபையின் கண்டிப்பாலும், அடியிறுதி இயைபுடன் வந்த புதுவகைப் பாடல்களின் பரவலாலும் பழைய பாடல் ஏற்கெனவே மங்கிவிட்டது. கிழக்கே ஆர்த்தடாக்ஸ் கிறித்தவத்தைப் பின்பற்றிய கரேலியச் சிற்றூர்களில் அது நிலைத்திருந்தது. ஆகவே, பின்லாந்தின் தேசிய காவியம் என்று இன்று சொல்லப்படும் நூலின் மிகச் சிறந்த பகுதிகள் பின்லாந்தின் எல்லைக்கு வெளியே, கரேலிய மக்களின் வாயிலிருந்து கிடைத்தவை. பின்லாந்தைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் இதைச் சொல்லாமல் கடந்துபோகிறார்கள். பாடகர்களுக்கு உரிய மதிப்பைத் தர வேண்டுமானால் இதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

1834ஆம் ஆண்டு ஏப்ரலில் லொண்ரொத் லத்வயார்வி என்னும் ஊரில் ஆர்ஹிப்பா பெர்த்துனன் என்ற முதிய உழவரைச் சந்தித்தார். மூன்று நாள்களில் அவரிடமிருந்து 4000க்கும் மேற்பட்ட அடிகளை எழுதிக்கொண்டார். ஆர்ஹிப்பா தம் சிறுவயது நினைவு ஒன்றையும் சொன்னார். லப்புக்கா ஏரிக்கரையில் மீன்பிடிக்கத் தங்கியிருக்கும் நாள்களில், அவர் தந்தையும் உடன் வேலைக்கு வந்த இன்னொருவரும், இருவருமே பேர்பெற்ற பாடகர்கள், நெருப்பருகே கைகோத்து அமர்ந்து இரவு முழுதும் பாடுவார்களாம். ஒரு பாடலை மறுமுறை பாடியதே இல்லையாம். சிறுவன் ஆர்ஹிப்பா அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் சிறந்த பாடல்களைக் கற்றது அங்கேதான். இந்த மரபுக்கு ஓலையும் இல்லை, பள்ளியும் இல்லை. ஏரிக்கரையில் ஒரு நெருப்பும் தூங்காமல் கேட்கும் ஒரு பிள்ளையும் இருந்தால் போதுமானதாக இருந்தது.

ஆண்கள் மட்டும் பாடினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ரஷ்யாவில் பின்லாந்து வளைகுடாவின் ஓரமாக உள்ள இங்கிரியா பகுதியைச் சேர்ந்த லாரின் பரஸ்கே என்னும் பெண்மணியிடமிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 32,000க்கும் மேற்பட்ட அடிகள் பதிவுசெய்யப்பட்டன. அது கலேவலா நூல் முழுவதையும் விடப் பெரியது.

ரூனோப் பாடல் எப்படிக் கட்டப்பட்டது?

இம்மக்கள் பாடிய பழம்பாடலுக்கு ரூனோ என்று பெயர். பின்லாந்து மக்கள், கரேலியர், இங்கிரியர், எஸ்தோனியர் ஆகியோருக்கு இந்த வடிவம் பொதுவானது. ஓர் அடிக்குப் பெரும்பாலும் எட்டு அசை. அடிக்குள் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்கி மோனையாக அமையும். அடியிறுதியில் இயைபு தேடுவதில்லை. ஓர் அடியில் சொன்ன கருத்தை அடுத்த அடி வேறு சொல்லால் மீண்டும் சொல்லும். கரடியின் பிறப்பைப் பாடும் அடிகளைத் தமிழில் ஏறத்தாழ இப்படித் தரலாம்:

நிலவின் அருகே, பகலவன் பக்கத்தே,
ஏழு மீன்களின் தோளின் மேலே;
அங்கிருந்து வெள்ளி வாரில் இறங்கினான்,
பொன்தொட்டிலில் மண்ணுக்கு வந்தான்.

இப்படி இரட்டித்துச் சொல்வது அழகுக்காக மட்டும் அன்று. எழுத்தில்லாத பாடகருக்கு அது நினைவின் கைப்பிடி. ஓர் அடி வந்துவிட்டால் அதன் இணை தானே வரும். அதற்குள் அடுத்த கருத்தை எடுத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. நன்கு பழகிய அடிகளை வேண்டிய இடத்தில் வேண்டியபடி எடுத்துப் பொருத்தும் உரிமையும் பாடகருக்கு இருந்தது. அதனால் ஒரே பாடலை இரண்டு ஊர்களில் கேட்டால் நிகழ்ச்சிகள் இடம் மாறியிருக்கும். வீரனின் பெயரே மாறியிருக்கும். சரியான மூலப்பாடம் என்று ஒன்று இல்லை.

இவ்வடிவில் பல வகைப் பாடல்கள் இருந்தன. நம் தலைப்புக்கு இரண்டு வகை முக்கியமானவை. வைனாமொயினன் என்னும் முதிய அறிஞன், இல்மரினன் என்னும் கொல்லன், லெம்மின்கைனன் என்னும் துடுக்கான வீரன் முதலியோரின் செயல்களைச் சொல்வது கதைப்பாடல். நோய் தீர்க்க, இரத்தம் நிறுத்த, வேட்டை கிடைக்க ஓதப்படுவது மந்திரப்பாடல். மந்திரப்பாடல்களை ஓதி நோய் தீர்த்தவருக்குத் தியெத்தாயா என்று பெயர். அறிந்தவர் என்று கொள்ளலாம்.

மந்திரப்பாடல் இயங்கும் விதம் தனித்தன்மை வாய்ந்தது. ஒரு பொருள் எங்கே, எப்படித் தோன்றியது என்பதை அறிந்தவருக்கு அப்பொருள் கட்டுப்படும் என்பது நம்பிக்கை. கோடரி முழங்காலில் பட்டு வைனாமொயினனுக்கு இரத்தம் பெருகும்போது, அதை நிறுத்த வந்த முதியவருக்கு இரும்பின் பிறப்பு நினைவுக்கு வரவில்லை. வைனாமொயினனே அதைச் சொல்கிறான்: மூன்று கன்னியர் மண்ணில் பாலைச் சொரிந்தனர், கறுப்புப் பாலிலிருந்து மெல்லிரும்பும், வெள்ளைப் பாலிலிருந்து எஃகும், சிவப்புப் பாலிலிருந்து எளிதில் முறியும் இரும்பும் பிறந்தன. பிறப்பு வெளிப்பட்ட பிறகே முதியவர் இரும்பை அதட்டி இரத்தத்தை நிறுத்துகிறார். பின்னியக் கதைகளில் வீரர்கள் வாளைவிடச் சொல்லையே அதிகம் தேடி அலைவதற்குக் காரணம் இதுதான். படகு கட்ட மூன்று சொற்கள் போதாமல், வைனாமொயினன் இறந்தோர் உலகமாகிய துவோனலாவுக்குப் போகிறான். அங்கே கிடைக்காமல் அந்தரோ விபுனன் என்னும் அரக்கனின் வயிற்றுக்குள் இறங்கி, அவன் பாடி முடிக்கும்வரை வெளியேற மறுக்கிறான்.

இந்த மந்திரங்கள் கிறித்தவத்துக்கு முற்பட்ட தூய பழஞ்சமயத்தின் எச்சம் என்று சிலர் எழுதுவதையும் திருத்த வேண்டும். பதிவான மந்திரங்கள் பலவற்றில் காட்டின் தலைவனும் கன்னி மரியாளும் அடுத்தடுத்த அடிகளில் அழைக்கப்படுகின்றனர். பாடியவர்களுக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ரூனோ என்பது எட்டசை அடியும் இரட்டைக் கூற்றும் கொண்ட வாய்மொழிப் பாடல், அதில் கதைப்பாடலும் மந்திரப்பாடலும் உண்டு, ஒரு பொருளின் தோற்றத்தை அறிவதே மந்திரத்தின் ஆற்றல்.

லொண்ரொத் செய்தது என்ன?

முதற்பதிப்பின் முன்னுரையில் அவர் இட்ட நாள் 1835 பிப்ரவரி 28. அந்நாள் இன்றும் பின்லாந்தில் கலேவலா நாளாகக் கொண்டாடப்படுகிறது. அப்பதிப்பில் 32 பாடல்கள், 12,078 அடிகள். 1849இல் வெளிவந்ததும் இன்று எல்லாரும் படிப்பதுமான விரிந்த பதிப்பில் 50 பாடல்கள், 22,795 அடிகள். ஏறத்தாழ இரு மடங்கு. இந்த வளர்ச்சிக்கு ஒரு பெருங்காரணம், தனித்தனியே சேகரித்திருந்த மந்திரப்பாடல்களையும் திருமணப் பாடல்களையும் அவர் கதையின் உரிய இடங்களில் மாந்தர்களின் வாயில் வைத்ததே.

அடிகளைப் பொறுத்தவரை அவர் பெரிதும் உண்மையானவர். நூலின் அடிகளைச் சேகரிப்புக் குறிப்புகளோடு ஒப்பிட்ட வைனோ கௌக்கொனன் என்னும் ஆய்வாளரின் கணக்குப்படி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அடிகள் மக்கள் பாடியபடியே உள்ளன. பாதியளவு சிறு மாற்றங்களோடு உள்ளன. 14 விழுக்காடு பழைய அடிகளின் மாதிரியில் ஆக்கப்பட்டவை. முழுக்க முழுக்க அவர் கற்பனை என்று சொல்லத்தக்கவை 3 விழுக்காடு மட்டுமே.

கதையமைப்பைப் பொறுத்தவரை நிலைமை வேறு. மக்கள் பாடல்களில் லெம்மின்கைனன், அஹ்தி, கௌகொமியெலி ஆகியோர் தனித்தனி வீரர்கள். லொண்ரொத் மூவரையும் ஒருவனாக்கினார். சிதறிக் கிடந்த பல பாடல்களை இணைத்துக் குல்லெர்வோ என்னும் அனாதையின் துயரக்கதையைக் கட்டினார். வைனாமொயினனை மணக்க மறுத்து நீரில் மூழ்கும் ஐனோ, இன்று நாம் அறியும் வடிவில், பெருமளவு அவர் படைப்பு. சம்போ என்னும் அற்புத ஆலையை மையமாக்கி, கலேவலா என்னும் வீரர்களின் நாட்டு மக்களுக்கும் வடநாட்டுக்கும் இடையிலான நெடும்பகையாக எல்லாவற்றையும் கோத்தவரும் அவரே. சம்போ ஒரு பக்கம் மாவும், ஒரு பக்கம் உப்பும், ஒரு பக்கம் பணமும் அரைக்கும். அதைப் பற்றிய பாடல் உண்மையில் பழையது. ஆனால் 50 பாடல்களையும் ஒரே நூலில் கட்டும் முதுகெலும்பு என்ற நிலை அதற்கு லொண்ரொத் தந்தது.

லொண்ரொத்தின் வாதம் இது: எந்தப் பாடகரும் தமக்குத் தெரிந்ததைத் தமக்குப் பொருத்தமான ஒழுங்கில் பாடினார். தாம் எந்தத் தனிப் பாடகரையும்விட அதிகப் பாடல்களை அறிந்தவர். ஆகவே அதே உரிமை தமக்கும் உண்டு என்று அவர் கருதினார். இந்த வாதத்தில் வலு இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாடகரின் ஒழுங்கு அன்றிரவோடு போயிற்று, மறுநாள் மாறலாம். அச்சேறிய ஒழுங்கு மாறாது. அது மற்ற ஒழுங்குகளையெல்லாம் மறைத்துவிடுகிறது. நல்வாய்ப்பாக மூலக்குறிப்புகள் அழியவில்லை. லொண்ரொத்தும் பிறரும் சேகரித்த பாடல்கள் 1908 முதல் 1948 வரை 33 தொகுதிகளாக அச்சிடப்பட்டன. 1997இல் இன்னொரு தொகுதி சேர்ந்தது. எந்த அடி எந்த ஊரில் பாடப்பட்டது என்பதை யாரும் தேடிப் பார்க்கலாம்.

காட்டுக்கு உரிமையாளர் உண்டு

இனிக் காட்டுக்கு வருவோம். இடைக்காலத்தில் தெற்குப் பின்லாந்தின் உழவர்கள் வயலோடு நிற்கவில்லை. வடக்கே வெகு தொலைவில் ஒவ்வொரு ஊருக்கும் உரிமைப்பட்ட வேட்டைக்காடுகளும் மீன்பிடி ஏரிகளும் இருந்தன. பருவம் வந்ததும் ஆண்கள் குழுவாகப் புறப்பட்டு, அங்கே சிறு குடில்களில் தங்கி, அணில் முதலிய விலங்குகளின் மென்மயிர்த் தோலையும் உலர்ந்த மீனையும் சேர்த்துக்கொண்டு திரும்பினர். தோல் வெறும் ஆடை அன்று. வரியாகவும் வணிகப் பொருளாகவும் செல்லுபடியானது. 1542இல் சுவீடிய மன்னர் குஸ்தாவ் வாசா, குடியில்லாத நிலமெல்லாம் கடவுளுக்கும் அரசருக்கும் நாட்டு மணிமுடிக்கும் உரியது என்று அறிவித்தார். அதன்பின் கிழக்குப் பின்லாந்தின் சாவோ பகுதியிலிருந்து காடெரித்துப் பயிரிடும் குடியானவர்கள் அந்த வேட்டைக்காடுகளுக்குள் பரவினர்.

மனித உரிமையோடு மற்றோர் உரிமையும் அங்கே இருந்தது. காட்டு விலங்குகள் தப்பியோ என்னும் காட்டுத் தலைவனின் மந்தை. அவன் துணைவி மியெலிக்கி அந்த வீட்டின் சாவியை வைத்திருப்பவள். வேட்டைக்காரன் அவர்கள் வீட்டுக்கு வந்து கேட்டு வாங்கிச் செல்பவன். இந்த நம்பிக்கைக்கு எழுத்துச் சான்று லொண்ரொத்துக்கு மிக முந்தியது. பின்னிய எழுத்துமொழியின் தந்தை எனப்படும் மிகாயெல் அக்ரிகோலா, 1551இல் வெளியிட்ட விவிலியச் சங்கீத நூலின் முன்னுரையில், மக்கள் வணங்கிய தெய்வங்களைச் செய்யுளாகப் பட்டியலிட்டுக் கண்டிக்கிறார். தப்பியோ காட்டிலிருந்து வேட்டை தந்தான், அஹ்தி நீரிலிருந்து மீன் தந்தான், வைனாமொயினன் பாடல்களை வடித்தான் என்று அதில் வருகிறது. கண்டிக்க எழுதிய பட்டியலே இன்று நமக்கு நம்பகமான ஆவணமாக நிற்கிறது.

வழக்கத்தில் இது எப்படி நடந்தது என்பதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு. ஊசியிலை மரமான ஸ்புரூஸ் சிலவேளை உயரமாக வளராமல் குட்டையாகி, உச்சி தட்டையாகப் பரந்துவிடும். இதைத் தப்பியோவின் மேசை என்பார்கள். வேட்டைக்காரர்கள் முதல் வேட்டையில் ஒரு பங்கை அதன்மேல் படைத்தார்கள்.

எல்க் துரத்திய வீரன்

இந்த அடித்தளத்தோடு கலேவலாவின் 13, 14ஆம் பாடல்களைப் பார்த்தால் அவற்றின் அமைப்பு தெளிவாகத் தெரியும். வடநாட்டுத் தலைவி லொவ்ஹியின் மகளைக் கேட்டு வருகிறான் லெம்மின்கைனன். ஹீஸியின் எல்க்கைப் பனிச்சறுக்கிச் சென்று பிடித்துவந்தால் பெண் தருவேன் என்கிறாள் லொவ்ஹி. எல்க் என்பது வடபுலக் காடுகளின் மிகப் பெரிய மான். ஹீஸி கொடிய காட்டு ஆவி. அந்த எல்க்கை ஹீஸி கையில் கிடைத்ததை வைத்துச் செய்கிறான்: மக்கிய அடிமரம் தலை, வேலிக் கழி முதுகு, காய்ந்த புல் நரம்பு, ஏரிப் பூவின் மொட்டுக் கண், ஸ்புரூஸ் பட்டை தோல். உருப்பெற்ற மிருகம் வடக்கே பாய்ந்து ஒரு முற்றத்தில் கொதித்துக்கொண்டிருந்த கலத்தை உதைத்துக் கவிழ்க்கிறது. இறைச்சி சாம்பலில் விழுகிறது. நாய்கள் குரைக்கின்றன, பிள்ளைகள் அழுகின்றன, பெண்கள் சிரிக்கிறார்கள். பெருங்கதையின் நடுவே ஒரு வீட்டின் கூச்சல் இப்படிக் கேட்பது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

கேட்பதற்கு முழுக் கற்பனை. ஆனால் அடியில் இருப்பது நடைமுறை. குளிர்காலத்தின் பிற்பகுதியில் ஆழ்ந்த பனியின் மேற்பரப்பு உருகி உறைந்து ஓர் ஓடாக இறுகும். பனிச்சறுக்குப் பலகையில் செல்லும் மனிதனை அந்த ஓடு தாங்கும். கனத்த எல்க்கின் குளம்பு ஒவ்வோர் அடிக்கும் உடைத்துக்கொண்டு உள்ளே போகும். விரட்டிக்கொண்டே போனால் மிருகம் களைத்து நின்றுவிடும். கிழக்குப் பின்லாந்தில் வேட்டைக்கான பலகைகள் சமமாகக்கூட இல்லை: இடக்காலுக்கு நீண்ட பலகை, சறுக்குவதற்கு, வலக்காலுக்குக் குட்டையானது, அடியில் மயிர்த்தோல் ஒட்டியது, உந்தித் தள்ளுவதற்கு. லெம்மின்கைனன் புறப்படுமுன் இடப்பலகையையும் வலப்பலகையையும் தனித்தனியே செய்விக்கிறான் என்று பாடல் சொல்வது இதனால்தான்.

முதல் முயற்சியில் அவன் எல்க்கைப் பிடித்து, வெற்றிப் பெருமிதத்தில் பெண்ணைப் பற்றிக் கனவு காணத் தொடங்க, மிருகம் கட்டறுத்து ஓடுகிறது. பலகையும் ஊன்றுகோலும் முறிகின்றன. 14ஆம் பாடலில் அவன் முறை மாறுகிறது. விரட்டுவதை நிறுத்திவிட்டுக் காட்டைப் பார்த்துப் பேசுகிறான். தப்பியோவின் வீட்டுச் சாளரத்தில் எட்டிப் பார்க்கிறான். வேட்டை கொடுக்கும் மனநிலையில் இருக்கும்போது காட்டுத்தலைவி பொன்னணிகளோடு இருப்பாள், கொடுக்காத நாளில் கந்தையோடு இருப்பாள் என்கிறான். பொன்னும் வெள்ளியும் தருவதாகச் சொல்லி வேண்டுகிறான். பிறகே எல்க் கிடைக்கிறது.

இந்த வேண்டுதல் அடிகள் வேட்டைக்காரர்கள் உண்மையில் ஓதிய மந்திரப்பாடல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. உழைக்கும் மனிதன் தன் தேவைக்கு ஓதியதை லொண்ரொத் ஒரு வீரனின் வாயில் வைத்தபோது, தொழில் மந்திரம் சாகசத்தின் திருப்புமுனை ஆயிற்று. கதைப்பாடல், மந்திரப்பாடல், தொகுப்பாசிரியர் கை ஆகிய மூன்றும் ஒன்றாகப் பின்னியிருப்பதை இந்த இடம் போல வேறெதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

கரடியைப் பெயர் சொல்லாமல் அழைப்பது

காட்டு விலங்குகளில் கரடிக்குத் தனி இடம். அதன் பெயரைக் காட்டில் உரக்கச் சொன்னால் அது வந்துவிடும் என்ற அச்சத்தால் ஓட்ஸோ, தேன்கை, காட்டின் ஆப்பிள் என்று பல செல்லப்பெயர்களால் அழைத்தனர். கொன்ற கரடியை ஊருக்குள் விருந்தாளியாகவே அழைத்துவந்தனர். கரடி விருந்து என்ற சடங்கில் சில இடங்களில் கரடிக்குத் திருமணம் செய்வதுபோல் நடித்தனர். முடிவில் மண்டையோட்டைக் காட்டுக்கு எடுத்துச் சென்று ஒரு பைன் மரத்தில் கட்டினர். கரடி வந்த இடத்துக்கே திரும்புகிறது, மீண்டும் வரும் என்பது அதன் பொருள்.

விருந்துப் பாடலில் வேட்டைக்காரன் கரடியிடம், உன்னை வீழ்த்தியது நானல்ல, நீயே கிளையிலிருந்து வழுக்கினாய், நீயே வளைந்த மரத்திலிருந்து உருண்டாய் என்கிறான். இதைக் குழந்தைத்தனமான பொய்யாகப் படிப்பது தவறு. காட்டின் உரிமையாளரோடு அடுத்த ஆண்டும் முகம்பார்த்துப் பேச வேண்டிய மனிதன், உறவு முறிந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறான். 1640இல் துர்கு பல்கலைக்கழகத் தொடக்க விழா உரையில் ஆயர் ஈசாக் ரொதோவியுஸ், மக்கள் கரடியின் மண்டையோட்டிலிருந்து குடித்து, கரடிபோல் உறுமுகிறார்கள் என்று சினத்தோடு குறிப்பிட்டார். சடங்கு அப்போது உயிரோடிருந்ததற்கு அது சாட்சி. கலேவலாவின் 46ஆம் பாடல் இந்த விருந்தையே விரிவாகச் சொல்கிறது.

காடு மூடிக்கொள்ளும்போது

பாட்டில் வராமல் பேச்சுவழக்கில் சொல்லப்பட்ட கதைகளும் ஏராளம். நம்பிக்கைக் கதைகள் என்று இவற்றை அழைக்கலாம். சொல்பவர் தம் ஊரில் உண்மையில் நடந்ததாகவே சொல்வார். அவற்றுள் பரவலானது காட்டு மறைப்பு. தெரிந்த காட்டில் போகும் ஒருவருக்குத் திடீரென எல்லாம் அந்நியமாகிவிடும். பறவை ஒலி நின்றுவிடும். தேடி வருவோர் பக்கத்தில் நடந்தாலும் அவரைக் காண மாட்டார்கள். பசுவைத் தேடினால் கல்லோ கட்டையோதான் கண்ணில் படும். விடுபட வேண்டுமானால் சட்டையை உள்வெளி மாற்றி அணிய வேண்டும், காலணியை இடம் மாற்றிப் போட வேண்டும், அல்லது கால்களுக்கிடையே தலைகீழாகப் பார்க்க வேண்டும். வழிதவறிய மனிதரைக் கலக்கத்திலிருந்து மீட்டு, நின்று வேறு கோணத்தில் பார்க்கவைக்கும் நல்ல உத்தி இது என்றும் தோன்றுகிறது.

வடநாடும் சாமி மக்களும்

கதைகளின் வடநாடு, அதாவது பொஹ்யோலா, நிலப்படத்தில் விரல் வைத்துக் காட்டத்தக்க இடம் அன்று. குளிரும் நோயும் இருளும் வரும் திசை அது. லொண்ரொத் அதை லாப்லாந்தோடு நெருக்கிக் காட்டினார். பாடல்களில் லாப்பியர் என்ற பெயரில் மந்திரவாதிகளாகவும் பகைவர்களாகவும் வருவோர், அண்டைச் சமூகமான சாமி மக்களைப் பற்றிப் பின்லாந்து மக்களும் கரேலியரும் கொண்டிருந்த அச்சத்தின் படம். வடக்கே கலைமான், மீன்பிடி, வேட்டை ஆகியவற்றால் வாழ்ந்த சாமி மக்களுக்குத் தனி மொழிகளும், யொய்க் என்னும் தனிப்பாடல் மரபும், தனிக் கதைகளும் உண்டு. அவர்களை அறியக் கலேவலாவைப் படிப்பது பயன் தராது.

அச்சில் பிறந்த சாகசம்

பாட்டிலிருந்து உரைநடைக்குக் காட்டுச் சாகசம் வந்து சேர்ந்தது 1870இல். அலெக்ஸிஸ் கிவி எழுதிய 'ஏழு சகோதரர்கள்' பின்னிய மொழியின் முதல் பெரும் நாவல். எழுதப் படிக்கக் கற்க மாட்டோம் என்று முரண்டுபிடிக்கும் ஏழு சகோதரர்கள் தம் பண்ணையை விட்டு இம்பிவாரா என்னும் காட்டுக்கு ஓடுகிறார்கள். கிறிஸ்துமஸ் இரவில் குடில் எரிந்துபோக, பனியில் வெறுங்காலோடு, ஓநாய்கள் பின்தொடர, பழைய வீட்டுக்கு ஓடுவது ஒரு கட்டம். கோபமுற்ற காளைக் கூட்டம் கீழே சூழ்ந்து நிற்க, ஹீஸியின் கல் என்று பெயர்பெற்ற பாறைமேல் ஏறிப் பசியோடு காத்திருப்பது இன்னொரு கட்டம். பாறையின் பெயரில் ஹீஸி இருக்கிறான். ஆனால் ஆபத்து இப்போது ஆவியிடமிருந்து வரவில்லை, பண்ணையாரின் காளைகளிடமிருந்து வருகிறது. கொன்ற காளைகளுக்கு ஈடு கொடுப்பதற்காகவே அவர்கள் காட்டை வெட்டி எரித்துத் தானியம் விளைவிக்கிறார்கள்.

நாவலை அக்காலப் பேராசிரியர் ஔகுஸ்த் அல்குவிஸ்ட் மிகக் கடுமையாகத் தாக்கினார். உழவர்களை இழிவாகக் காட்டுகிறது என்பது குற்றச்சாட்டு. கிவி 1872ஆம் ஆண்டின் கடைசி நாளில், 38 வயதில், வறுமையிலும் மனநோயிலும் இறந்தார். கலேவலாவின் பெருமித உழவனை விரும்பிய படித்தவர்களுக்குக் கிவியின் முரட்டு உழவர்கள் பொறுக்கவில்லை. ஆனால் ரூனோப் பாடகர்களின் நகைச்சுவையும், கலத்தைக் கவிழ்க்கும் எல்க்கின் குறும்பும் நேரே வந்து சேர்ந்தது கிவியிடம்தான் என்பது என் துணிபு.

எங்கிருந்து தொடங்குவது?

தமிழ் வாசகருக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. பின்லாந்தில் வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் ஆர். சிவலிங்கம், உதயணன் என்ற பெயரிலும் எழுதியவர், கலேவலா முழுவதையும் பின்னிய மொழியிலிருந்தே தமிழ்ச் செய்யுளில் தந்திருக்கிறார். அது 1994இல் வெளிவந்தது. மதுரைத் திட்டத்தின் மின்னூலாகவும் கிடைக்கிறது. முதற்பாடலிலிருந்து வரிசையாகப் படித்தால் பெயர்களின் கூட்டத்தில் திணறக்கூடும். 13, 14, 15ஆம் பாடல்களில் தொடங்குவது எளிது. 15இல் துவோனலா ஆற்றில் துண்டாகிக் கிடக்கும் லெம்மின்கைனனை அவன் தாய் நெடிய வாரியால் வாரிச் சேர்க்கிறாள். அடுத்து 8, 9ஆம் பாடல்களில் இரும்பின் பிறப்பையும், பின் 46இல் கரடி விருந்தையும் படிக்கலாம். படிக்கும்போது கதை நின்று, வீரன் காட்டையோ இரும்பையோ கரடியையோ நேரே விளித்துப் பேசத் தொடங்கும் அடிகளில் ஒரு கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தனி மந்திரப்பாடலாக இருந்து நூலுக்குள் வந்த பகுதிகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.